பென்னுவின் மண்ணில் கிடைத்தது உயிரா, உயிருக்கான பொருளா?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து எழுதியிருக்கும் அன்பர் கேட்டிருப்பது இது: பென்னு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மண்ணில் அமினோ அமிலங்களும் டிஎன்ஏவின் எழுத்துகளும் கிடைத்ததாகச் செய்தியில் படித்திருக்கிறார், உயர்நிலை மூன்றில் படிக்கும் அவருடைய மகள், "அப்படியென்றால் அங்கே உயிர் இருந்திருக்கிறது, நாமும் அங்கிருந்துதான் வந்தோம், இல்லையா அப்பா?" என்று கேட்கிறாள், அவளுக்கு என்ன பதில் சொல்வது? வேறு இடங்களில் உயிரே கிடைத்துவிட்டதாக வந்த செய்திகளையும் குறிப்பிட்டிருக்கிறார். கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உயிருக்கு வேண்டிய மூலக்கூறுகள் உயிரின் துணையே இல்லாமல் விண்ணில் உருவாகுமா என்பது முதலாவது. உருவாகும், இதில் ஐயமே இல்லை. அவை ஓரிடத்தில் இருப்பது அங்கே உயிர் இருந்ததற்குச் சான்றா என்பது இரண்டாவது. சான்று இல்லை, அது ஏன் என்பதைத்தான் இங்கே சற்று நீட்டி எழுதப்போகிறேன். பூமியில் உயிர் தோன்றியதற்கு அந்தப் பொருள்கள்தாம் காரணமா என்ற மூன்றாவது கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

இங்கே ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் பகுப்பாய்வு வேதியியல் கற்பித்தேன். ஒரு கலவையில் என்னென்ன இருக்கின்றன, எவ்வளவு இருக்கின்றன, அவை எங்கிருந்து வந்திருக்கும் என்று கண்டறிவதே என் தொழிலாக இருந்தது. விண்கல்லை நான் ஆராய்ந்ததில்லை. ஆனால் அதை ஆராய்பவர்கள் கையாளும் கருவிகளோடும், அந்தக் கருவிகள் எப்படியெல்லாம் நம்மை ஏமாற்றும் என்பதோடும் நெடுங்காலம் பழகியிருக்கிறேன். வானியல் என் துறை அன்று. ஆகவே தொலைதூரக் கோள்களின் ஒளியைப் பற்றி நான் சொல்வதை, அத்துறையினர் எழுதியதைப் படித்து அறிந்த ஒருவனின் சொல்லாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2016இல் புறப்பட்ட ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2020 அக்டோபரில் பென்னுவின் மேற்பரப்பைத் தொட்டு மண்ணை அள்ளியது. அந்த மண் அடங்கிய பேழை 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. உள்ளே இருந்தது 121.6 கிராம், அதாவது இரண்டு கைகளிலும் ஏந்திவிடக்கூடிய அளவு. 2025 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி, நம் உடலின் புரதங்கள் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களுள் பதினான்கு அதில் இருந்தன; டிஎன்ஏவிலும் ஆர்என்ஏவிலும் எழுத்துகளாக அமையும் ஐந்து நைட்ரஜன் காரங்களும் இருந்தன; அம்மோனியா மிகுதியாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஆர்என்ஏவின் முதுகெலும்பில் உள்ள ரைபோஸ் என்ற சர்க்கரையும் குளுக்கோஸும் கிடைத்ததாக அறிவித்தார்கள். உங்கள் மகள் வியந்ததில் வியப்பில்லை. ஆனால் வேதியியல் படித்தவர்களுக்கு இது எதிர்பாராத செய்தி அன்று. 1850இலேயே ஸ்ட்ரெக்கர் என்ற ஜெர்மானியர் ஆல்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு ஆகிய மூன்றிலிருந்து அலனைன் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்துக் காட்டினார். 1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவை அடங்கிய கண்ணாடிக் குடுவைக்குள் மின்பொறியைப் பாய்ச்சி, சில நாள்களில் கிளைசினையும் அலனைனையும் பெற்றார். டிஎன்ஏவின் எழுத்துகளுள் ஒன்றான அடினைனைப் பிரித்துப் பார்த்தால் அது ஐந்து ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறுகள் ஒன்றாகக் கோத்தது. வால்மீன்களில் அந்தச் சயனைடு உண்டு. பொருளும் ஆற்றலும் கொஞ்சம் நீரும் காலமும் இருந்தால், இந்த மூலக்கூறுகள் உருவாவதைத் தடுப்பதுதான் கடினம்.

இவையெல்லாம் பூமியின் அழுக்கு இல்லை என்று எப்படித் தெரியும் என்ற கேள்வியை உங்கள் மகள் அடுத்துக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். என் தொழிலின் உயிர்நாடி அந்தக் கேள்விதான். மில்லர் தம் குடுவையில் உருவானதைக் கண்டறிந்த முறையையே நாங்கள் இரண்டாமாண்டு மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியாக வைத்திருந்தோம். வடிதாளின் அடியில் கரைசலைப் பொட்டாக வைத்து, கரைப்பானில் நிறுத்தி, அது மேலே ஏறிய பின் தாளை உலர்த்தி, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்க வேண்டும்; அமினோ அமிலம் இருக்கும் இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி எழும். ஒருமுறை ஒரு மாணவி தாளைக் கையுறையில்லாமல் பிடித்திருந்தார். சூடேற ஏற, அவர் வைத்த கிளைசின் பொட்டுக்கு இரண்டங்குலம் தள்ளி, தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை கோடு கோடாக, சுழி தெரிய, ஊதா நிறத்தில் எழுந்து வந்தது. நம் வியர்வையில் செரின், கிளைசின் முதலான அமினோ அமிலங்கள் உண்டு. தடயவியல் துறையினர் தாளில் பதிந்த ரேகையை எடுப்பதும் இதே வேதிப்பொருளைக் கொண்டுதான். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டி வைத்தேன். நூறு கோடியில் சில பங்குகளைத் தேடும் ஒருவருக்கு ஒரு விரல்தொடுகை என்பது வெள்ளம்.

விண்கல் ஆய்வின் வரலாற்றிலும் அப்படிப்பட்ட ரேகைகள் உண்டு. 1864 மே மாதம் தெற்குப் பிரான்சில் ஒர்கெய் என்ற ஊரருகே ஒரு கரும் விண்கல் விழுந்தது. அதன் துண்டு ஒன்று கண்ணாடிக் குப்பியில் மூடி வைக்கப்பட்டு நூறாண்டு கிடந்தது. 1960களில் திறந்து பார்த்தபோது உள்ளே தாவர விதைகள் இருந்தன. கூர்ந்து பார்த்ததில் அவை பிரான்சில் வளரும் ஒரு வகைக் கோரையின் விதைகள் என்பதும், யாரோ அவற்றை நிலக்கரித் துணுக்குகளோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள் என்பதும் தெரியவந்தன. அண்மைக்காலத்திலும், ஜப்பானின் ஹயபுசா-2 கொண்டுவந்த ரியூகு சிறுகோளின் துகள் ஒன்றில் நுண்ணுயிர்கள் இழை இழையாகப் படர்ந்திருந்ததை 2024இல் ஒரு குழு பதிவு செய்தது. அவை நாள்பட நாள்படப் பெருகிப் பின் குறைந்ததைக் கணக்கிட்டு, பூமிக்கு வந்த பிறகு குடியேறியவை என்று அந்தக் குழுவே முடிவும் சொன்னது. பென்னுவின் மண்ணை நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தே கையாள்வது இதனால்தான்.

கலப்படத்தைப் பிரித்தறியும் வழியை நமக்குக் கற்றுத்தந்ததில் பெரும்பங்கு ஒரு விண்கல்லுக்கு உண்டு. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற சிற்றூரில் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட கற்கள் சிதறி விழுந்தன. மறு ஆண்டே அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையக் குழு ஒன்று நிறுவியது. அந்தக் குழுவில் முன்னின்றவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலி நகரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்று, அதன் பிறகே வேதியியலுக்கு வந்தவர். நம் பக்கத்து மண்ணிலிருந்து போன ஒருவர் இந்தத் துறையின் தொடக்கத்திலேயே நின்றிருக்கிறார் என்பதை நான் எல்லா வகுப்பிலும் சொல்லி வந்திருக்கிறேன். அவர்கள் காட்டிய சான்று எளிமையானது. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை இரண்டு வடிவங்களில் அமையும். இடக்கையும் வலக்கையும் போல ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். பூமியின் உயிர்கள் தம் புரதங்களுக்கு இடக்கை வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. மர்ச்சிசனிலோ இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன. அதோடு, பூமியின் புரதங்களில் இடமே இல்லாத அமினோ அமிலங்களும் அதில் இருந்தன. விரல்ரேகை படிந்திருந்தால் இப்படி இருக்க முடியாது.

இதே சான்றுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை தருகிறது. உயிர் தேர்ந்தெடுக்கும், வெறும் வேதியியல் தேர்ந்தெடுக்காது. வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் கருவியில் செலுத்தினால் எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு, பதினெட்டு கார்பன் கொண்ட சங்கிலிகள் வரைபடத்தில் முகடு முகடாக வரும். பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம் மட்டும் ஏறக்குறையப் பாதியாக நிற்கும். ஒன்பதும் பதினொன்றும் பதின்மூன்றும் இருக்க வேண்டிய இடங்கள் அநேகமாக வெறுமையாகவே கிடக்கும். தென்னை தன் சங்கிலிகளை இரண்டிரண்டு கார்பனாகக் கோக்கிறது. ஆகவே இரட்டைப்படை எண்கள் மட்டும் மிகுகின்றன. மர்ச்சிசன் கல்லின் அமிலங்களில் இந்த ஒழுங்கு கிடையாது. ஒற்றையும் இரட்டையும், நேர்ச்சங்கிலியும் கிளைத்த சங்கிலியும் என எல்லாம் இருக்கின்றன. கார்பன் கூடக் கூட அளவு படிப்படியாகக் குறைகிறது. ஒரு மூலக்கூறோடு இன்னொன்று தற்செயலாக மோதி ஒட்டுவதால் விளையும் பரவல் அது. பென்னுவிலும் புரதத்துக்குரிய பதினான்கோடு, புரதத்துக்கு ஆகாத பத்தொன்பது அமினோ அமிலங்கள் கிடைத்தன; இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. உயிர் இருந்து, தின்று, தேர்ந்து, கழித்த இடத்தின் கணக்கு இப்படி அமையாது. ஆகவே உங்கள் மகளிடம், பென்னுவில் கிடைத்தவை உயிரின் மிச்சம் அல்ல, உயிர் இல்லாமலே உருவானவை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் பென்னுவின் மண்ணில் என்னை மிகவும் ஈர்த்தவை அமினோ அமிலங்கள் அல்ல, உப்புகள். என் தாயாரின் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற எல்லாம் ஒரேயடியாகப் படிவதில்லை. முதலில் சுண்ணம் படியும், பிறகு ஜிப்சம், அதன் பிறகே நாம் உண்ணும் உப்பு. கசப்பு உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். எது முதலில் படிந்தது, எது பிறகு படிந்தது என்று பார்த்தால், அங்கே நீர் இருந்ததையும் அது மெல்ல வற்றியதையும் அந்த உப்புகளை வைத்தே சொல்லிவிடலாம். பென்னுவின் துகள்களில் அப்படிப்பட்ட ஒரு வரிசை இருந்தது: பாஸ்பேட்டுகள், கார்பனேட்டுகள், சலவைச் சோடாவுக்கு நெருங்கிய உறவான சோடியம் கார்பனேட் கனிமங்கள், இறுதியில் குளோரைடுகள். பென்னு என்பது இன்று அரைக்கிலோமீட்டர் அகலமுள்ள கற்குவியல். ஆனால் அது உடைந்து பிரிந்த தாய்க்கோளின் உள்ளே, 450 கோடி ஆண்டுகளுக்கு முன், அம்மோனியா கலந்த உவர்நீர் குட்டை குட்டையாக நின்று வற்றியிருக்கிறது. அந்த உப்புகள் பூமியின் ஈரக்காற்று பட்டால் கரைந்து உருமாறிவிடும் தன்மையுடையவை. தரையில் விழுந்து கிடந்து எடுக்கப்பட்ட விண்கற்களில் அவை நிலைப்பது அரிது. தரையிறங்கியதும் நைட்ரஜனில் மூடிக் காத்ததால் அவற்றைக் காண முடிந்தது. அமினோ அமிலங்களும் காரங்களும் பாஸ்பேட்டும் அம்மோனியாவும் ஒரே உவர்நீரில் ஒன்றாக இருந்த ஓரிடத்தை நாம் கையில் பிடித்திருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கும் செய்தியாகவே இருக்கிறது.

அத்தனையும் ஒன்றாக இருந்தும் ஏன் அங்கே உயிர் தோன்றவில்லை? ஐயத்துக்குரிய பகுதி இங்கே தொடங்குகிறது. இரண்டு அமினோ அமிலங்கள் கைகோக்க வேண்டுமானால் இடையிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீரே நிறைந்திருக்கும்போது அந்த நீர் எளிதில் வெளியேறாது, கோத்த சங்கிலியும் மெல்ல மெல்ல அறுந்துவிடும். நீர் இல்லாவிட்டாலோ மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடி நகர முடியாது. ஆகவே நனைந்தும் உலர்ந்தும் மாறி மாறி வரும் இடமே ஏற்றது என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். 1871இல் டார்வின் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையைக் கற்பனை செய்ததன் தொடர்ச்சி இது. செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவுக்கு மகளை அழைத்துச் சென்றால் அந்தக் கருத்தைக் கண்ணால் காட்டலாம். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸில் வரும் நீரில் மக்கள் முட்டை அவிப்பதைப் பார்த்துவிட்டு, அந்த நீர் தெறித்துக் காயும் கல்லின் விளிம்பைப் பாருங்கள். நனைந்து, காய்ந்து, மீண்டும் நனையும் இடத்தில் மெல்லிய படலமாகப் பொருள்கள் ஒதுங்கிச் செறிந்திருக்கும். இன்றைய அந்தப் படலத்தில் நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பதால் அங்கே புதிதாக உயிர் தோன்ற வழியில்லை. புதிதாக எது கோத்தாலும் அதை அவை தின்றுவிடும். மற்றொரு சாரார் கடலடி வெப்பத் துவாரங்களைக் காட்டுகிறார்கள். அங்கே பாறைக்கும் நீருக்கும் இடையே நடக்கும் வினையில் ஹைட்ரஜன் பிறந்து, இடையறாத ஆற்றலாக உதவுகிறது. இரண்டு தரப்பிலும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. எது சரி என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்ல இயலாது. வேதியியலாளன் என்ற முறையில் நான் நனைந்து உலரும் குட்டையின் பக்கம் சாய்கிறேன். சங்கிலி நீள்வதற்கு நீர் விலகித்தான் ஆக வேண்டும் என்பதே காரணம்.

சங்கிலி நீண்டால் மட்டும் போதாது, அது தன்னையே படியெடுக்க வேண்டும். இங்கே ஆர்என்ஏவுக்குச் சிறப்பான இடம் உண்டு. செய்தியைச் சுமக்கவும் அதனால் முடியும், வினையை ஊக்குவிக்கவும் முடியும். நம் ஒவ்வோர் உயிரணுவிலும் புரதத்தைக் கோக்கும் ரைபோசோமின் அமைப்பைத் துலக்கியதற்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோமின் அமைப்பு தெளிவானபோது, அமினோ அமிலங்கள் இணையும் நடுமையத்தில் வினைபுரிவது புரதம் அல்ல, ஆர்என்ஏ என்பது தெரியவந்தது. புரதங்களுக்கு முன்பே ஆர்என்ஏ இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுவான துணை. ஆனால் தனித்தனி எழுத்துகளிலிருந்து தன்னைத்தானே படியெடுக்கும் ஆர்என்ஏ வரை, மனிதக் கை இடையில் புகாமல், ஒரே தொட்டியில் நடத்திக் காட்டியவர் இதுவரை எவரும் இல்லை. அந்த இடைவெளியை மறைத்துவிட்டு இந்தத் துறையைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது.

உயிரே கிடைத்துவிட்டதாகச் சொன்ன செய்திகளையும் நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அண்டார்க்டிகாவில் எடுத்த செவ்வாய்க் கல்லில் நுண்ணுயிர்ப் படிவம் தெரிவதாக 1996இல் எழுந்த அறிவிப்பைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. பூமியில் சில நுண்ணுயிர்களோடு தொடர்புடைய பாஸ்பீன் என்ற வாயு வெள்ளியின் மேகங்களில் இருப்பதாக 2020இல் வந்த செய்தி இன்றும் விவாதத்தில் இருக்கிறது. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமீத்தைல் சல்பைடு இருப்பதாக 2025இல் சொன்னது சான்றின் வலிமை போதாது என்று பலரால் மறுக்கப்பட்டிருக்கிறது; போதாக்குறைக்கு, அதே பொருள் உயிரில்லாத வால்மீன் ஒன்றிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. நான் ஓரளவு நம்பிக்கையோடு பார்ப்பது செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024இல் துளைத்தெடுத்த மாதிரியை மட்டும்தான். அந்தப் பாறையின் சிறுத்தைப் புள்ளிகளில் இரும்புப் பாஸ்பேட்டும் இரும்புச் சல்பைடும் கரிமப் பொருளோடு சேர்ந்திருக்கின்றன. பூமியின் சேற்றில் அப்படிச் செய்பவை நுண்ணுயிர்கள். உயிரில்லாமலும் அது நடக்கலாம் என்பதால், ஆய்வுக் குழுவே அதை உயிருக்கான சாத்தியக் குறி என்பதோடு நிறுத்திக்கொண்டது. மாதிரி இன்னும் செவ்வாயிலேயே இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விண்ணிலிருந்து பொருள் வந்தது என்பதும், உயிரே வந்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதல் கூற்று உறுதி. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,200 டன் விண்துகள் பூமியின் தரையை வந்து சேர்கிறது, தொடக்க காலத்தில் அது பன்மடங்கு கூடுதலாக இருந்தது. பூமியின் தொல்வளிமண்டலம் மில்லரின் குடுவை போல மீத்தேனும் அம்மோனியாவும் நிறைந்ததன்று, பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனும்தான் என்று இன்று கருதுகிறார்கள். அந்தக் கலவையில் அமினோ அமிலம் குறைவாகவே விளைகிறது. ஆகவே விண்ணிலிருந்து வந்த சரக்கு பெரிதும் உதவியிருக்கக்கூடும். ஆனால் பூமியிலேயே போதிய அளவு உருவானதா, வெளியிலிருந்து வந்தது இன்றியமையாததா என்பதை அளந்து சொல்ல வழியில்லை. உயிரே விதையாக வந்தது என்ற இரண்டாவது கூற்றுக்கு இதுவரை சான்று இல்லை. அப்படி வந்திருந்தாலும்கூட, அந்த உயிர் அங்கே எப்படித் தோன்றியது என்ற அதே கேள்விதான் வேறோர் இடத்தில் எஞ்சி நிற்கும். நம் இடக்கைத் தேர்வே விண்ணிலிருந்து வந்தது என்ற கருத்துக்கு ஒரு காலத்தில் நல்ல ஆதரவு இருந்தது. மர்ச்சிசனில் ஐசோவாலின் என்ற ஓர் அமினோ அமிலத்தில் இடக்கை வடிவம் 18 விழுக்காடு வரை மிகுந்திருந்ததே அதற்குக் காரணம். பென்னுவில் இரண்டு கைகளும் சமமாக இருந்ததைக் கண்ட பிறகு அந்தக் கருத்து தளர்ந்திருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அதை வகுப்பில் நம்பிக்கையோடு சொல்லிவந்தேன். இன்று அப்படிச் சொல்லமாட்டேன்.

இனி எங்கே தேடுவது என்றால், சனியின் இரண்டு நிலவுகளைச் சொல்வேன். 500 கிலோமீட்டர் அகலமே உள்ள என்செலடஸ் தன் பனி ஓட்டின் பிளவுகள் வழியே உள்கடலின் நீரை விண்வெளிக்குப் பீய்ச்சுகிறது. அந்த நீரில் ஹைட்ரஜன் இருப்பது 2017இலும் பாஸ்பேட் இருப்பது 2023இலும் காசினி விண்கலம் திரட்டிய தரவுகளிலிருந்து தெரியவந்தன. ஆனால் இடக்கையையும் வலக்கையையும் பிரித்தறியும் கருவி காசினியில் இல்லை. டைட்டனில் மைனஸ் 179 பாகைக் குளிரில் மீத்தேன் ஏரிகள் நிற்கின்றன. அங்கே 2028இல் புறப்படவிருக்கும் டிராகன்ஃபிளை விண்கலம் 2034இல் இறங்கும் என்பது திட்டம். அதில் அமினோ அமிலத்தின் இரு கைகளையும் தனித்தனியே பிரிக்கும் வசதி உண்டு. அது அனுப்பும் வரைபடத்தில், இரு வடிவங்களுள்ள ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் பக்கம் பக்கமாக இரண்டு முகடுகள் இருக்கும். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால் பென்னுவில் கண்ட அதே வேதியியல்தான் டைட்டனிலும் என்று உங்கள் மகளே சொல்லிவிடுவார். அமிலம் தோறும் ஒன்று மட்டும் ஓங்கி நின்று மற்றொன்று அடிக்கோட்டோடு படுத்திருந்தால், அன்று இதே கேள்விக்கு நான் வேறு பதில் எழுதுவேன்.